வண்டியின் பதிவு நாளே முதற் சோதனை

தில்லியின் கிழக்குக் கிட்வாய் நகரில் பழைய அரசுக் குடியிருப்புகள் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஆனால், அதை அடுத்துள்ள ஐ.என்.ஏ. சந்தைக்குச் சரக்கு வந்து சேரும் முறை பெரிதாக மாறிவிடவில்லை. ஆசாத்பூரிலும் ஓக்லாவிலும் மொத்தமாக வாங்கப்படும் காய்கறி, விடியற்காலையில் சிறு சரக்கு வண்டிகளில்தான் வந்து இறங்குகிறது. சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் தேடிவந்து வாங்கும் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் இத்தகைய வண்டி ஒன்றில் ஏறி இறங்கியவையே.

நாள்தோறும் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாத சிறு வணிகர், புதிய வண்டிக்குப் பணம் போதாத நிலையில், பழைய டீசல் பிக்கப் ஒன்றைத் தேடுவது இயல்பு. சேமிப்பில் பெரும்பகுதியும் அதனுடன் வங்கிக் கடனும் அவ்வண்டியில் முதலீடாகின்றன. ‘எஞ்சின் கண்டிஷன் எப்படி?’ என்பதே அவர் தரகரிடம் கேட்கும் முதற் கேள்வி. தலைநகர்ப் பகுதியில் அது இரண்டாவது கேள்வியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வண்டி எந்த நாளில் பதிவு செய்யப்பட்டது, எந்த மாசு நெறிக்கு உட்பட்டது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. பத்தாண்டுகளைக் கடந்த டீசல் வண்டிகள் தில்லியிலும் தேசியத் தலைநகர் வட்டாரத்திலும் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரல் 7 அன்று உத்தரவிட்டது. 2018 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் தில்லியின் பெட்ரோல் நிலையங்களில் இத்தகைய வண்டிகளுக்கு எரிபொருள் மறுக்கப்பட்டது. எதிர்ப்பு எழவே, சில நாள்களில் அந்நடவடிக்கை தள்ளிவைக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டும் காரணமாகக் காட்டி உரிமையாளர்கள்மீது கடும் நடவடிக்கை எடுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. டிசம்பர் 17 அன்று அப்பாதுகாப்பு பி.எஸ்.-4 மற்றும் அதற்குப் பிந்தைய நெறிகளைச் சேர்ந்த வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. ஆறு மாதங்களுக்குள் இத்தனை திருப்பங்கள். ஆகஸ்டுக்கும் டிசம்பருக்கும் இடையில் பி.எஸ்.-3 வண்டியைத் துணிந்து வாங்கியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இடைக்கால உத்தரவு என்பது நிழல் போன்றது. அதில் சற்று இளைப்பாறலாம், அதை நம்பி முதல் போடுவது சரியாகாது. 2018 ஜூனில் பதிவான ஒரு வண்டியை 2026 ஜூனில் ஒருவர் நான்காண்டுக் கடனில் வாங்குவதாகக் கொள்வோம். பத்தாண்டு வரம்பு 2028 ஜூனில் வந்துவிடுகிறது. தவணையோ 2030 ஜூன் வரை ஓடுகிறது. பி.எஸ்.-4 வண்டி என்பதால் இப்போதைய பாதுகாப்பு நீடிக்கும் வரை இடரில்லை. அது விலகிவிட்டால் வண்டி நின்றுவிடும், தவணை நிற்காது. ஆகவே, கடனின் கடைசித் தவணை பத்தாண்டு வரம்புக்கு முன்பே முடியுமாறு காலத்தைக் குறைத்துக்கொள்வதே உத்தமம். மாதத் தவணை கூடுகிறதே என்று தோன்றினால், வண்டியின் விலை அதன் எஞ்சிய ஆண்டுகளுக்குப் பொருந்தவில்லை என்றே பொருள். பேரத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

‘வரம்பு வந்தால் ஊருக்கு அனுப்பிவிடலாம்’ என்று சொல்வோர் உண்டு. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி வணிகம் செய்யும் உறவினருக்கென்றே தில்லியில் மலிவாக வண்டி பார்ப்பவர்களும் உண்டு. இது தவறான வழியன்று. ஆயினும், தில்லிப் பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டில் மறுபதிவு, அங்குச் செலுத்தவேண்டிய வரி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணச் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் மலிவு எவ்வளவு மிஞ்சும் என்பது தெரிந்துவிடும். தடையில்லாச் சான்று கைக்கு வருமுன் முழுப்பணத்தையும் கொடுத்துவிடுவது கூடவே கூடாது.

இனி வண்டியிடம் வருவோம். எஞ்சின் குளிர்ந்திருக்கும் போது பார்க்கவேண்டும் என்பது மெக்கானிக்குகள் அனைவரும் சொல்லும் பாடம். வாங்குவோர் அதிகம் புறக்கணிப்பதும் இதையே. நீங்கள் போய்ச் சேரும்போது பானட் சூடாக இருந்தால், முன்னரே ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள் என்பது தெளிவு. மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். தில்லியின் ஜனவரிக் குளிர் இவ்வகையில் வாங்குபவருக்குத் துணை. சோடை போன எஞ்சின் அந்தக் குளிரில் எளிதில் உயிர் பெறாது. கிளப்பியவுடன் சிறிது வெண்புகை வந்து மறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். சூடேறிய பின்னும் வெண்புகை நின்றால் டீசல் சரிவர எரியவில்லை, அல்லது குளிர்நீர் உள்ளே கசிகிறது என்று ஐயுற வேண்டும். நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். அழுத்தும்போதெல்லாம் கரும்புகை கக்கினால் இன்ஜெக்டரையோ காற்று வடிகட்டியையோ டர்போவையோ சோதிக்க வேண்டும்.

எண்ணெய் கறுப்பாக இருக்கிறதே என்று சிலர் அஞ்சுகிறார்கள். டீசல் எஞ்சினில் எண்ணெய் விரைவில் கறுப்பது இயல்பே. பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால்தான் அஞ்ச வேண்டும், அது நீர் கலந்ததன் அடையாளம். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வெளியேறுமானால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன எனக் கொள்ளலாம். அச்செலவு விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

சரக்கு வண்டியின் உண்மையான வரலாறு அதன் அடிப்பாகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கூடுதலாகச் சேர்த்த ஸ்பிரிங் பட்டைகள், பின் அச்சை ஒட்டிய சேசிஸ் சட்டத்தில் வெல்டிங் தழும்புகள், ஒருபக்கமாகத் தேய்ந்த டயர்கள் ஆகியவை வண்டி அளவுக்கு மீறிப் பாரம் சுமந்ததைச் சொல்லிவிடும். மீனும் பனிக்கட்டியும் ஏற்றிய வண்டியின் தளத்தை உப்புநீர் அரித்திருக்கும். புதுப் பெயின்டின் மேல் விரலால் தட்டிப் பார்த்தால் ஓசையே காட்டிக்கொடுக்கும். ஓட்டிப் பார்க்கும்போது சில மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஒன்றில் ஏறிப் பாருங்கள். எஞ்சின் இரைச்சல் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. வெறும் வண்டியில் இது தெரியவே தெரியாது.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.-6 வண்டிகளுக்கு வயதுக் கவலை குறைவு. ஆனால் வேறொரு கவலை உண்டு. அவற்றின் புகைப்போக்கியில் கரித்துகள்களைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. தொடர்ந்து நல்ல வேகத்தில் ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து தூய்மையாகும். சந்தைக்கும் கடைக்கும் இடையே நெரிசலில் ஊர்ந்தே காலம் கழித்த வண்டியில் அது அடைபட்டுப்போகும். மாற்றுவதற்கு ஆகும் செலவு மிகுதி என்பதால், சிலர் அதைக் கழற்றிவிட்டு எச்சரிக்கை விளக்கையும் அணைத்துவிடுகிறார்கள். சாவியைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணையவேண்டும். எரியாத விளக்கே ஐயத்துக்குரியது.

ஆவணங்களில் என்னை மிகவும் உறுத்துவது, கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களாகவே வண்டி பல கை மாறும் வழக்கம். படிவம் 29, 30 ஆகியவற்றைத் தரகர் நிரப்பாமல் வைத்துக்கொள்கிறார். பதிவில் முதல் உரிமையாளரின் பெயரே தொடர்கிறது. இவ்வாறு பலரிடம் கைமாறிய ஒரு வண்டி விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. எனவே, பெயர் மாற்றத்தில் விற்பவருக்கும் வாங்குபவருக்குள்ள அளவு அக்கறை இருக்கவேண்டும். வாங்கியவர் முப்பது நாள்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்கவேண்டும் என்கிறது சட்டம். காப்பீட்டையும் பதினான்கு நாள்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். முந்தைய கடன் முடிந்திருந்தாலும், படிவம் 35 தாக்கல் செய்து பதிவிலுள்ள பிணைப்புக் குறிப்பை நீக்காதவரை வண்டி பழைய வங்கியின் பிடியிலேயே இருக்கும். பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைக் கொண்டு இவ்விவரங்களையும் நிலுவை அபராதங்களையும் பார்த்துக்கொள்ளலாம். அதிலுள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடவும் வேண்டும்.

வங்கிகளிடமும் ஒரு வேண்டுகோள். பழைய வண்டிக் கடனுக்கான மதிப்பீட்டில் மாடல், ஆண்டு, ஓடிய தூரம் ஆகியவற்றோடு, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிப் பார்த்த மெக்கானிக்கின் அறிக்கை ஒன்றையும் கட்டாயமாக்கலாம். அதற்கான கூலி, ஒரு மாதத் தவணையோடு ஒப்பிட்டால் சொற்பமே. அதுவரை, நம்பிக்கையான மெக்கானிக்கை வாடிக்கையாளரே அழைத்துச் செல்லட்டும். ‘வேறொருவர் முன்பணத்தோடு காத்திருக்கிறார்’ என்று தரகர் அவசரப்படுத்தினால், அந்த வேறொருவரே வாங்கிக்கொள்ளட்டும்.