பாலாவியும் பலாலியும்

மதுரங்குளியிலிருந்து கொழும்பு வீதியில் வடக்கே சென்றால், புத்தளத்தை அடையுமுன் பாலாவி. அங்கே விமானப்படையின் ஓடுபாதை. அதிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி, நேர்கோட்டில் ஏறத்தாழ 200 கிலோமீற்றர். சிறிய விமானமும் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடும். சிற்றூர்களை வான்வழியே இணைப்போம் என்று பேசுவோர் இத்தகைய கணக்கையே மக்கள் முன் வைக்கின்றனர். கணக்கை நாம் மறுக்கவில்லை. யாருக்காக அளந்த தூரம் அது என்றே வினவுகின்றோம்.

இரண்டாம் உலகப் போரின்போது புத்தளத்திலும் பலாலியிலும் பிரித்தானியர் விமானத்தளங்கள் அமைத்தனர். புத்தளத்துச் சேற்றில் புதைந்த போர் விமானங்களை யானை கட்டி இழுத்தனர். போர் ஓய்ந்தபின், 1947 டிசம்பர் 10 ஆம் நாள், எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. மீண்டும் போர் வந்தது. 1990 முதல் பலாலியைச் சூழ்ந்த ஊர்களின் மக்கள் வீடு வாசல் இழந்து அகதிகளாயினர். நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று.

அதே 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தாருக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். பெரும்பகுதியினர் புத்தளக் கரையிலே ஒதுங்கினர். தமிழரின் பெயரால், தமிழ் பேசும் மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமை அது. அதனை மறைத்துவிட்டு அரசின் குற்றத்தை மட்டும் பேச நமக்கு வாயில்லை.

2019 ஒக்டோபர் 17 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 இல் சென்னைச் சேவை தொடங்கிற்று. சரியாக ஐந்தாம் நாள், நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல். புத்தளத்தில் வாழ்ந்த இடம்பெயர்ந்தோர் மன்னாரில் வாக்களிக்கப் பஸ் வண்டிகளில் புறப்பட்டனர். தந்திரிமலைப் பகுதியில் வண்டிகள் மீது துப்பாக்கிச் சூடும் கல்வீச்சும் நடந்தன. உயிரிழப்பு இல்லாமற் போனது தற்செயலே. வானத்தில் நாடு கடந்து செல்ல வழி திறந்த அதே வாரத்தில், தரையில் வாக்குச் சாவடிக்குச் செல்ல வழியில்லை! மதுரங்குளியின் அகதிக்குத் தூரம் என்பது இதுவன்றோ?

“முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன, அவர்கள் புத்தளத்தாராகிவிட்டனரே” என்பர் சிலர். அரசியலமைப்பின் 14(1)(h) உறுப்புரை, நாட்டில் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் ஒவ்வொரு பிரசைக்கும் உரிமை தருகின்றது. வசிக்கும் இடத்தைத் தெரிபவர் பிரசை. அவருக்காக அரசு தெரிதல் ஆகாது. காலம் கடந்தமையால் அவ்வுரிமை காலாவதியாகிவிடாது. வடக்கு முஸ்லிம்களின் மீள்குடியேற்றத்துக்குத் தனிக்கவனம் வேண்டுமெனக் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழுவும் 2011 ஆம் ஆண்டு அறிக்கையில் கூறிற்று.

விமானம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பறக்கட்டும்! ஆனால் அதற்குமுன் மூன்று கேட்கின்றோம். திரும்ப விரும்புவோருக்குக் காணியும் வீடும் கொடுங்கள். தங்க விரும்புவோருக்கு இங்கேயே காணி உறுதி கொடுங்கள். எங்கே பதிந்திருந்தாலும், அச்சமின்றி வாக்களிக்க வழி செய்யுங்கள். வடக்கின் தமிழ்த் தலைவர்களே, காணிக் கச்சேரிகளில் இம்மக்களுக்காக முதற்குரல் உங்களுடையதாக இருக்கட்டும். விரட்டப்பட்டவரை வரவேற்காதவர், பலாலி மண்ணை மீட்டுத் தாருங்கள் என்று எம்முகத்தோடு கேட்பது?