சொந்தங்கள் கூடும்போது மாடம்பாக்கம்

டிசம்பர் விடுமுறையில் ஜெர்மனி, அமெரிக்காவிலிருந்து அண்ணன் தம்பி குடும்பங்கள் வந்து இறங்கினால், தாம்பரம் பக்கத்து வீடுகளில் முதல் திட்டம் மாமல்லபுரம், அடுத்தது ஷாப்பிங் மால். கூப்பிடு தூரத்தில் இருக்கும் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில் யார் நினைவுக்கும் வருவதில்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சோழர் காலக் கோயில் அது. கருவறையின் பின்பக்கம் போய் நின்று பாருங்கள். மூலையே இல்லாமல், படுத்திருக்கும் யானையின் பின்புறம்போல் கல் வளைந்து போகும். கஜபிருஷ்ட விமானம். தமிழ் படிக்கத் தடுமாறும் பேரப்பிள்ளைகளைக் கல்வெட்டின் முன் நிறுத்தி, 'ட', 'ப' எங்கே என்று தேடச் சொல்லுங்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். மண்டபத் தூணில் சரபேஸ்வரர் இருக்கிறார். ஞாயிறு மாலை ராகு காலத்தில் அவரைத் தரிசிக்கக் கூட்டம் நெரியும்.

ஜெர்மனியில் வளரும் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லலாம். 1706இல் தரங்கம்பாடி வந்து தமிழ் கற்ற பாதிரியார் சீகன்பால்கு படித்தது ஜெர்மனியின் ஹாலே நகரில்தான். தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் அங்கே பிராங்கே அறக்கட்டளையில் பாதுகாக்கப்படுகின்றன. அடுத்த ஒன்றுகூடலை அவர்கள் அங்கே வைக்கட்டும். இந்த முறை மாடம்பாக்கம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், எட்டு மணிக்கே கிளம்புங்கள். பாட்டியை வீட்டில் விட்டுவிடாதீர்கள்.