யாருடைய நேரத்தை அளக்கிறார்கள்?

தோழர்களே, கொள்கலன் முனையங்களின் 'செயல்திறன்' பற்றி என் மேற்படிப்புக்காக வாசித்து வாசித்து எனக்குக் கோபம்தான் மிச்சம். உலக வங்கி 2021 முதல் வெளியிடும் தரவரிசை எதை அளக்குது? துறைமுகத்தில் கப்பல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை. அது கப்பல் கம்பனியின் நேரம். கொள்கலன்களைக் கம்பியால் பிணைக்கிற தொழிலாளியின் முதுகுவலிக்கு அதில் இடமில்லை.

சரி, சூழலைக் காக்கிறம் எண்டு சொல்லுகினமே, அது? றொட்டர்டாமில் 2015இல் திறந்த மாஸ்ஃபிளாக்டே 2 முனையத்தைப் 'புகையே இல்லாதது' என்று கொண்டாடினார்கள். மின்சாரப் பாரந்தூக்கி, சாரதி இல்லாத பேட்டரி வண்டி. உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு வேலியோட முடியுது. வந்து நிற்கும் கப்பல் எரிக்கிற எண்ணெய் அதில் சேராது. போகிற வேலைகளும் சேராது. 2016 ஜனவரியில் அங்கே கொள்கலன் தொழிலாளர்கள் வேலைப் பாதுகாப்புக் கேட்டு 24 மணிநேரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்று அப்படி நடந்தால், தரவரிசையில் அது வெறும் 'தாமதம்'.

மின்சாரப் பாரந்தூக்கி வரட்டும், எனக்குச் சந்தோசம். ஆனால் பச்சைச் சான்றிதழோடு வருகிறவர்களிடம் மூன்று எண்கள் கேட்போம்: எத்தனை பேர் காயப்பட்டார்கள்? எத்தனை பேருக்கு வேலை போனது? நின்ற கப்பல் எவ்வளவு எரித்தது? இவை இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்புவோம்.