பெண்பிள்ளைகளின் முழங்கால் ஜவ்வு: எங்கள் நிலைப்பாடு

கால்பந்து, கபடி, கூடைப்பந்து, கைப்பந்து ஆடும் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் முழங்கால் காப்புப் பயிற்சியைப் பள்ளிகளும் கிளப்புகளும் கட்டாயமாக்க வேண்டும். எலும்பு மூட்டு மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் உடற்கல்வி ஆசிரியர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது. வாரத்துக்கு இரண்டு முறை, முறைக்கு 15 நிமிடம் போதும்.

"ஜவ்வு கிழிஞ்சிருச்சு" என்று மைதானத்தில் சொன்னால் பெரும்பாலும் அது ஏ.சி.எல். தொடை எலும்பைவிட்டுக் கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமல் முழங்காலுக்குள் பிடித்துவைத்திருக்கும் தசைநார் அது. கால்பந்திலும் கூடைப்பந்திலும் இது கிழியும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடிக்காமலே கிழிகிறது. எகிறிக் குதித்து இறங்கும்போதோ, ஓடுகிற வேகத்தில் சட்டென்று திரும்பும்போதோ நடந்துவிடும். கபடியில் பிடிக்குள் சிக்கிய கால் திருகிக்கொள்வதும் இதோடு சேர்கிறது. 2023 மகளிர் உலகக்கோப்பைக் கால்பந்தில் இங்கிலாந்தின் கேப்டன் லியா வில்லியம்சன், பெத் மீட், நெதர்லாந்தின் விவியான் மீடமா மூவராலும் இதே காயத்தால்தான் ஆட முடியாமல் போனது.

பருவமடையும் வரை ஆண், பெண் முழங்கால்களுக்குள் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அதன் பிறகு பையன்களுக்கு உயரத்தோடு தசை வலுவும் ஏறுகிறது. பெண்களுக்கு உயரமும் எடையும் கூடும் அளவுக்குத் தசை கூடுவதில்லை. தொடையின் முன்தசை முந்திக்கொண்டு இழுக்க, அதை ஈடுகட்ட வேண்டிய பின்தசை பின்தங்குகிறது. விளைவாக, குதித்து இறங்கும்போது முழங்கால் போதிய அளவு மடங்காமல் விறைத்து, உள்பக்கமாகச் சாய்கிறது. தசைநார் மெலிந்திருப்பது, அது இருக்கும் எலும்புப் பள்ளம் குறுகலாக இருப்பது ஆகியவையும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எலும்பின் வடிவத்தை யாரும் மாற்ற முடியாது. இறங்கும் விதத்தை மாற்றலாம். 13 வயதுப் பிள்ளைக்குச் சில வாரங்களில் பழக்கிவிடலாம்.

இது வெறும் நம்பிக்கை அல்ல. சுவீடனில் 12 முதல் 17 வயது வரையிலான 4,564 கால்பந்து வீராங்கனைகளை வைத்து நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. ஒற்றைக்காலில் முழங்கால் மடக்குவது, இடுப்பைத் தூக்குவது, குதித்து நிதானமாக இறங்குவது போன்ற ஆறு பயிற்சிகளைச் செய்த அணிகளில் ஏ.சி.எல். காயம் 64 சதவீதம் குறைந்தது. இதற்குக் கருவியோ ஜிம்மோ தேவையில்லை. நம் பள்ளிகளிலோ மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு அதையே வார்ம் அப் என்கிறோம்.

'பெண் உடம்பு அப்படித்தான்' என்ற பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. பையன்கள் ஆடி முடித்த பிறகே மைதானம், ஆண் பாத அளவுக்குச் செய்த பூட்ஸ், எடைப் பயிற்சி என்றாலே 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு' என்ற கேள்வி: இவையும் காயத்தின் காரணங்களே. தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தை 2018இலும் 2023இலும் வென்ற மாநிலம் தமிழ்நாடு. ஆனாலும் ஒரு அறுவை சிகிச்சையோடு பிள்ளையின் ஆட்டத்தை வீட்டார் நிறுத்திவிடுவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். முழங்காலில் தழும்பு இருந்தால் வரன் அமையுமா என்ற கவலைகூட எங்கள் சிகிச்சை அறைகளுக்கு வருகிறது.

மாதவிடாய் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறோம். இன்ன நாளில் ஆடினால் ஜவ்வு கிழியும் என்று விலக்கிவைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை. நாள் பார்த்துப் பெஞ்சில் உட்கார வைப்பதை எதிர்க்கிறோம். ஆனால் மாதவிடாய் மூன்று மாதம் வராமல் நின்றால் அது எலும்பு பற்றிய எச்சரிக்கை. பயிற்சிக்கு ஈடான சாப்பாடு இல்லாதபோது ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பின் அடர்த்தியும் குறைகிறது, ஓடி ஓடியே எலும்பில் விரிசல் விழுகிறது. வாழ்நாள் எலும்புச் சேமிப்பில் பெரும்பகுதி சேர்கிற வயதில் நடக்கும் இழப்பு இது. மாதவிடாய் நின்றதை ஆண் பயிற்சியாளரிடம் எந்தப் பிள்ளையும் சொல்லாது. ஆகவே பெண்கள் அணி ஒவ்வொன்றோடும் விவரம் தெரிந்த ஒரு பெண் ஊழியர் இருக்க வேண்டும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் 9 மாதம் ஆகாமல், இரு கால் வலுவையும் சோதிக்காமல் யாரையும் ஆட அனுப்பக் கூடாது. இது பையன்களுக்கும் பொருந்தும். ஆட்டத்துக்குத் திரும்பும் 25 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அதே காலிலோ மறு காலிலோ மறுபடி கிழிகிறது.

முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகளில் பங்கேற்கும் பள்ளிகள் முழங்கால் காப்புப் பயிற்சியை நடத்தியதற்கான பதிவேட்டைக் காட்ட வேண்டும் என்று விதி கொண்டுவரக் கோருகிறோம். காயங்களை ஆண், பெண் எனத் தனித்தனியாகப் பதிவு செய்து ஆண்டுதோறும் வெளியிடவும் வேண்டும். உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஆறு பயிற்சிகளையும் கட்டணமின்றிக் கற்றுத்தர எங்கள் பிசியோதெரபிஸ்டுகள் தயார்.