அக்கரையில் தாய்வீடு

2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாட்டின் சராசரி 29. இன்னொரு எண் நம்மை இதைவிட உலுக்குகிறது. நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதத்தினர் உதவி கேட்டதுமில்லை, யாரிடமும் வாய் திறந்ததுமில்லை.

அந்த 77 பேரை நினைத்துத்தான் செயற்கை நுண்ணறிவு சாட்பாட்களைப் பற்றி இங்கே பேசுகிறோம். தென்னாப்பிரிக்காவில் 2018இல் 'ரெயின்போ' என்ற சாட்பாட் இதற்கென்றே வந்தது. சுவிட்சர்லாந்தின் 'ஸ்பிரிங் ஆக்ட்' அமைப்பு 2021இல் 'சோபியா'வைக் கொண்டுவந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏஐ4பாரத்' பங்கேற்ற 'ஜுகல்பந்தி', அரசுத் திட்டங்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் இந்திய மொழிகளில் பதில் சொல்ல உருவாக்கப்பட்டது. ஆகவே தமிழிலும் இது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. வரட்டும் என்பதே நம் நிலை. "புள்ளைங்க மொகத்தப் பாத்துப் பொறுத்துக்கம்மா" என்று சொந்தபந்தம் எல்லாம் சொல்லி அனுப்பிய பிறகு, இரவு இரண்டு மணிக்கு எந்தப் பழியும் போடாமல் காதுகொடுக்கும் ஒன்று அவளுக்கு வேண்டும்.

ஆனால் அதற்குத் திருமழபாடி தெரிந்திருக்க வேண்டும்.

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் இவ்வூர் அரியலூர் மாவட்டம். ஆற்றைத் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம். பங்குனியில் இங்கே கல்யாணம் செய்துகொள்ளும் நந்தியே திருவையாற்று மாப்பிள்ளைதான். இரு கரைக்கும் கொள்வினை கொடுப்பினை அவ்வளவு பழையது. அக்கரையிலிருந்து இங்கே வாழ வந்தவள் அடி தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். புகார் கொடுக்க அவள் கணவனின் ஊருக்கே திரும்பி வர வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதித்துறை நடுவரிடமே மனுக் கொடுக்கலாம். இந்த ஒரு செய்தி சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தால் ஒரு உயிர் பிழைக்கும்.

அவள் கேட்கும் அடுத்த கேள்வி பெரும்பாலும் வீட்டைப் பற்றியதாக இருக்கும். "வீடு மாமியா பேர்ல இருக்கு, வெளிய போன்னு சொல்றாங்க." பழைய தீர்ப்புகளை மட்டும் படித்து வளர்ந்த எந்திரம், உனக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிடக்கூடும். 2006 இறுதியில் உச்ச நீதிமன்றமே அப்படித்தான் சொன்னது. 2020 அக்டோபரில், சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில், அந்தத் தீர்ப்பு தவறு என்று சொல்லி, மாமனார் மாமியார் பெயரில் உள்ள வீட்டிலும் மருமகள் தங்கும் உரிமை கோரலாம் என்று அதே நீதிமன்றம் மாற்றியது. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம், நடுராத்திரியில் அவள் திண்ணையில் நிற்பாளா உள்ளே படுப்பாளா என்பதைத் தீர்மானிக்கும். எந்திரத்தின் பதிலை ஒரு வழக்கறிஞர் இடையறாது சரிபார்க்க வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

இன்னொன்று, கைபேசி. பல வீடுகளில் அது அவளுடையதல்ல. கணவன் வாங்கிக் கொடுத்தது, அவன் விரும்பும்போது வாங்கிப் பார்ப்பது. அவள் தட்டியது அதில் கிடந்தால் அடி இரட்டிப்பாகும். "இருவரும் மனம்விட்டுப் பேசுங்கள்" என்று எந்திரம் சொல்லும் பொதுவான புத்திமதியும் ஆபத்து. "உடனே கிளம்பு" என்பதும் அப்படியே. பிரியும் வேளையில்தான் கொலைவெறி கூடுகிறது என்பது இந்தத் துறையில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். திரையில் எங்கே தொட்டால் எல்லாம் மறையும் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் உரையாடலே தொடங்க வேண்டும்.

2023இல் அமெரிக்காவின் தேசிய உணவுக்கோளாறுகள் சங்கம் தன் உதவி எண்ணை மூட முடிவு செய்து, 'டெஸ்ஸா' என்ற சாட்பாட்டை முன்னிறுத்தியது. பட்டினி கிடந்தே நோயாளியானவர்களுக்கு அது எடை குறைக்க யோசனை சொன்னது. மே மாத இறுதியில் அதை நிறுத்தினார்கள். மனிதரை எடுத்துவிட்டு எந்திரத்தை வைத்ததன் விளைவு இது. செலவைக் குறைக்க இப்படிச் செய்யும் ஆசை இங்கேயும் எழும். தமிழ்நாட்டில் பெண்களுக்கான 181 உதவி எண் 2018 டிசம்பரில் தொடங்கியது. அதில் அழைப்பை எடுக்கும் பெண்களையும், 'சகி' என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்களின் ஆலோசகர்களையும், சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலர்களையும் குறைத்துவிட்டு எந்திரத்தைக் கொண்டுவந்தால் நாம் எதிர்ப்போம். மனு எழுதித் தர எந்திரத்துக்கு ஒரு நிமிடம் போதும். மனு கிடைத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து அறுபது நாளுக்குள் முடிவு என்று சட்டம் நிர்ணயித்ததை நடத்திக் காட்ட மனிதர்கள்தான் வேண்டும்.

அரசோ தொண்டு நிறுவனமோ தமிழில் இப்படி ஒன்றைச் செய்யும்போது, சென்னை அரங்கில் வெளியிடுவதற்கு முன் திருமழபாடி இருக்கும் திருமானூர் ஒன்றியத்துச் சுயஉதவிக் குழுப் பெண்களிடம் கொடுக்கட்டும். அவர்கள் தங்கள் பேச்சில் கேள்வி கேட்கட்டும். தவறான பதில் வந்தால் யார் பொறுப்பு என்று அந்தக் கூட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதிக் கொடுக்கட்டும்.