சினைப்பைப் புற்றுநோய்: சோதனையும் பயனும்

சங்கங்கள் நடத்தும் மருத்துவ முகாம்களில், நோய்க்குறி ஏதுமில்லாத பெண்கள் அனைவருக்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனையை ஏன் சேர்க்கலாகாது என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். நல்லெண்ணத்தால் எழும் வினாவே. ஆயினும் சேர்க்க வேண்டுவதில்லை என்பதே எமது கருத்து.

இந்நோய் வயிற்றினுள் மறைந்து வளர்வது. பெரும்பாலோரிடம் முற்றிய பின்னரே வெளிப்படுகின்றது. ஆதலின் முன்கூட்டிக் கண்டறிந்தால் உயிரைக் காக்கலாம் என்று மருத்துவர்கள் நம்பியது இயல்பே. அதனைச் சோதித்தறியப் பிரிட்டனில் 2001 முதல் 2005 வரை, மாதவிலக்கு நின்ற இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓர் ஆராய்ச்சியில் சேர்க்கப்பட்டனர். ஒரு சாராருக்கு ஆண்டுதோறும் சி.ஏ.125 என்னும் இரத்தப் பரிசோதனை. மற்றொரு சாராருக்கு ஸ்கேன். எஞ்சிய பாதிப் பேருக்கு எச்சோதனையும் இல்லை. 2021-இல் முடிவு வெளியாயிற்று. இரத்தப் பரிசோதனையால் சிலரிடம் நோய் முன்னதாகவே தெரிந்தது மெய். ஆயின் அந்நோயால் நேரும் மரணங்கள் குறையவில்லை.

பயனில்லாவிடினும் தீங்கில்லையே என்று எண்ணலாகாது. அமெரிக்காவில் 78,216 பெண்களைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2011-இல் வெளிவந்தது. அங்கும் மரணம் குறையவில்லை. நோயில்லாத 3,285 பேருக்கு நோய் இருக்கலாம் என்று சோதனைகள் காட்டின. அவர்களுள் 1,080 பேர் அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்டனர். 163 பேருக்கு அதனால் கடுமையான தீங்கும் நேர்ந்தது. மாதவிலக்கு, கருப்பைக் கட்டி முதலியவற்றாலும் சி.ஏ.125 உயரும் என்பதை நாம் மறத்தலாகாது.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? வயிற்று உப்புசம், சிறிது உண்டதும் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை புதிதாகத் தோன்றி வாரக்கணக்கில் நீடித்தால் உடனே டாக்டரிடம் காட்டவேண்டும். அந்நிலையில் இதே சோதனைகள் பயன்படும். தறியிலுள்ள பாவு முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று நம் சகோதரிகள் நோயைப் பொறுத்துக்கொள்கின்றனர். வாயுத் தொல்லை என்று கஷாயம் கொடுத்து நாமும் வாளாவிருக்கின்றோம். இவ்வழக்கம் மாறவேண்டும். தாய், சகோதரி, மகள் இவர்களுள் எவருக்கேனும் சினைப்பையிலோ மார்பிலோ புற்றுநோய் கண்டிருப்பின் அதனையும் டாக்டரிடம் கூறவேண்டும். பரம்பரையாக வரும் மரபணுக் குறையுடையோருக்குத் தனி ஆலோசனையும் தடுப்பு முறைகளும் உள்ளன.

முகாமுக்கென ஒதுக்கும் தொகையைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்குச் செலவிடலாம். உயிர் காப்பதென்று மெய்ப்பிக்கப்பட்ட சோதனை அது. ஆயின் அது சினைப்பை நோயைக் காட்டாது என்பதையும் வரும் பெண்களிடம் தெளிவாக எடுத்துரைத்தல் சங்கத்தின் கடமையாகும்.