பிள்ளைகளுக்குச் சயன்ஸா? சயன்ஸ் மந்திரமா?



நமது ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் சயன்ஸ் கற்றுக் கொடுக்கப்படுவதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அவ்வகுப்புகள் பலவற்றில் நடப்பதென்ன? உபாத்தியாயர் ஒரு வாக்கியம் சொல்லுகிறார்; பிள்ளைகள் அத்தனை பேரும் அதை அப்படியே திருப்பிச் சொல்லுகிறார்கள். "செடி வளர வெளிச்சம் வேண்டும்" என்று ஒப்பித்தவனுக்கு மார்க்கு. "இரண்டு சட்டியில் பயறு போட்டு ஒன்றை அலமாரிக்குள் வைத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டவனுக்கு, வாயை மூடிக்கொண்டு உட்காரும்படி உத்தரவு. இதற்கும் அர்த்தம் தெரியாமல் மந்திரம் ஜெபிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம். அது சமஸ்கிருதத்தில் இருக்கிறது, இது தமிழில் இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் நமக்குத் தெரியவில்லை.

உண்மையில் அந்தப் பையன் சொன்னபடி செய்து பார்த்தால் என்ன ஆகும்? இருட்டில் வைத்த பயறும் முளைக்கும். முளைப்பதோடு மட்டுமா? வெளிச்சத்தில் இருப்பதைவிட நெடுநெடுவென்று உயர்ந்தும் வளரும். ஆனால் வெளுத்து, மெலிந்து, சில நாளில் சாய்ந்து விடும். அப்போது பையன், "வெளிச்சமில்லாமல் எப்படி வளர்ந்தது? பிறகு ஏன் செத்தது?" என்று கேட்பான். விதைக்குள் இருந்த சேமிப்பைத் தின்று வளர்ந்தது, அது தீர்ந்ததும் மாண்டது என்பதை அவனே கண்டுபிடிக்க வழி பிறக்கும். ஆகவே சயன்ஸ் என்பது முடிவுகளைக் கட்டிவைத்த மூட்டையல்ல. முடிவுக்கு வரும் முறையேயாகும்.

"சிறு பிள்ளைகளுக்கு இதெல்லாம் விளங்குமா?" என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். அங்கே, நோயாளியின் மேல் கை படாமலே, உடம்பைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு சக்தியைக் கையால் உணர்ந்து, அதைச் சரிப்படுத்தி நோய் தீர்ப்பதாக ஒரு வைத்தியம் கிளம்பிற்று. நம் ஊர் மந்திரிப்புக்கு அது படித்த தங்கை. எமிலி ரோசா என்னும் 9 வயதுச் சிறுமி, நாலாம் வகுப்பில் படிக்கும்போது, இதைச் சோதிக்க முற்பட்டாள். நடுவே ஓர் அட்டையைத் தடுப்பாக நிறுத்தினாள். வைத்தியர் தமது இரு கைகளையும் அட்டையின் துவாரங்கள் வழியே நீட்டவேண்டும். அவள் ஒரு காசைச் சுண்டி, விழுந்தபடி, அவர்களுடைய ஒரு கைக்குமேல் தன் கையை வைப்பாள். எந்தக் கைக்குமேல் என்று அவர்கள் சொல்லவேண்டும். சக்தியை உணர்கிறவர்களுக்கு இது பெரிய காரியமா? 21 பேர், 280 தடவை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே சுமார் 140 தடவை சரியாக இருக்கவேண்டும். அவர்கள் சரியாகச் சொன்னதோ 123 தடவைதான்! 1998-ல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் பத்திரிகையே இதை வெளியிட்டது.

அந்தச் சிறுமி யாரையும் வையவில்லை, வாதாடவுமில்லை. "செய்து காட்டுங்கள், எண்ணிப் பார்க்கிறேன்" என்றாள். அவ்வளவே. இதற்கு வேண்டியிருந்தது ஓர் அட்டையும், ஒரு காசும், ஒரு நோட்டுப் புத்தகமுந்தானே! பணமில்லை, கருவியில்லை என்று சாக்குச் சொல்லுகிறவர்கள் இதற்கென்ன பதில் சொல்லுவார்கள்?

நம் வீட்டிலும் இது நடக்கக்கூடியதே. பல்லி சொன்னால் பலிக்கும் என்று பாட்டி சொல்லுகிறாள். பாட்டியோடு சண்டை வேண்டாம். பேத்தியின் கையில் ஒரு நோட்டைக் கொடுங்கள். பல்லி சத்தமிடும்போதெல்லாம் நாளையும், திசையையும், பஞ்சாங்கத்தில் சொல்லியிருக்கும் பலனையும் முன்கூட்டியே எழுதி வைக்கட்டும்; பிறகு நடந்ததை எதிரில் எழுதட்டும். ஒரு மாதம் கழித்து இரண்டையும் கூட்டிப் பார்க்கட்டும். பலித்தது மட்டும் நினைவில் நிற்கும், பலிக்காதது மறந்து போகும் என்பதுதானே சோதிடத்தின் மூலதனம்! நோட்டுப் புத்தகத்துக்கு அந்த மறதி இல்லை.

நம் நாட்டில் யாரும் முயலவில்லை என்பதுமில்லை. 1972-ல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் ஜில்லாவில், 16 நடுநிலைப் பள்ளிகளில், பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து கற்கும் ஏற்பாடு தொடங்கிற்று. பரீட்சைக்குப் புத்தகத்தையும் கொண்டு வரலாம். ஏனெனில் மனப்பாடம் அங்கே செல்லாக் காசு. கிராமத்துக் குடியானவர் பிள்ளைகளே அதில் படித்தார்கள். முப்பது வருஷம் நடந்து பல ஜில்லாக்களுக்குப் பரவிய அதை, 2002-ல் சர்க்காரே நிறுத்திற்று. விஞ்ஞான மனப்பான்மையும் விசாரிக்கும் உணர்ச்சியும் ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்தில் எழுதிக்கொண்ட தேசத்தில்தான் இது நடந்தது!

நிற்க, நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. "பேயில்லை, பிசாசில்லை" என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து, அவர்கள் அதைக் கிளிப்பிள்ளைபோல் மேடையில் சொன்னதும் கைதட்டிப் பூரிக்கிறோம். அதுவும் ஒப்பிப்புத்தான். இன்று நம் பேச்சை நம்பி "இல்லை" என்கிற பிள்ளை, நாளை இன்னொருவன் பேச்சை நம்பி "உண்டு" என்பான். நாம் சொல்வதையே, "அப்பா, அது உமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிற பிள்ளையே யாரிடமும் ஏமாறாது. அக்கேள்வி கேட்ட பிள்ளையை அதட்டுகிற பகுத்தறிவுக்காரன், தன் வீட்டில் தானே ஒரு குருக்களாக இருக்கிறான் என்பதே நமது அபிப்பிராயம்.

ஆதலால் தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய், "இந்த மாதம் பிள்ளைகள் என்ன ஒப்பித்தார்கள்?" என்று கேட்காதீர்கள், "எதைச் சோதித்தார்கள்?" என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றால், ஒரு படி பயறும் இரண்டு சட்டியும் நீங்களே வாங்கிக் கொடுத்து வாருங்கள்.